உடலுக்கு அளவெடுத்த சைக்கிள் வேண்டும்

வண்டலூரில் தொடங்கி மீஞ்சூரில் முடிகிற சென்னை வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம், 2014ஆம் ஆண்டில் நெமிலிச்சேரி வரை வந்து நின்றது. அங்கிருந்து மீஞ்சூர் வரையிலான இரண்டாம் பகுதி 2021இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே உள்ள ஒரு சிறு ரயில் நிலையத்தின் பெயராகவே வெளியூர்ப் பிரயாணிகள் அறிந்திருந்த நெமிலிச்சேரி, இப்போது திருவள்ளூர் நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் கூடுகிற பெரிய சந்திப்பாகிவிட்டது. காலை வேளையில் இச்சந்திப்பின் அருகே சிறிது நேரம் நிற்பவர்கள் மூன்று விதமான சைக்கிள்களைக் காணலாம். தேகப்பயிற்சியை உத்தேசித்து, அகலமான சாலையை நாடி, கியர் வைத்த விலையுயர்ந்த வண்டிகளில் குனிந்தபடி விரைகிற இளைஞர்கள் ஒரு சாரார். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வேலைக்கோ ரயிலுக்கோ செல்லும் தொழிலாளர்கள் இன்னொரு சாரார். அரசு கொடுத்த சைக்கிளில் புத்தக மூட்டையை முதுகில் சுமந்து பள்ளிக்குப் போகும் மாணவ மாணவியர் மூன்றாம் சாரார். வயதிலும் வருமானத்திலும் நோக்கத்திலும் வேறுபட்ட இம்மூவரும், வண்டியை விட்டு இறங்கியவுடன் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: பிடரியில் கையை வைத்து அழுத்திக்கொள்கிறார்கள்.

இந்த வலியை நம் ஜனங்கள் மிகுந்த பொறுமையோடு சகித்துக்கொள்கிறார்கள். நாற்பதைக் கடந்தவர் வயதின்மேல் பழியைப் போடுகிறார்; மாணவனின் தாயார் பையனுக்குத் தெம்பு போதவில்லை என்று கவலைப்படுகிறார்; இளைஞரோ, வலிக்காமல் பயிற்சி உண்டா என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். சிலர் சைக்கிளையே விட்டுவிட்டு மோட்டார் வண்டிக்கு மாறிவிடுகிறார்கள். என் அபிப்பிராயம் இவை எல்லாவற்றுக்கும் மாறானது. சைக்கிள் ஓட்டுவதால் உண்டாகும் கழுத்து வலியும் தோள் வலியும் பெரும்பாலும் வண்டிக்கும் உடலுக்கும் உள்ள பொருத்தக் குறைவினால் விளைபவை. ஒரு ஸ்பேனரும், கால் மணி நேரமும், சிறிதளவு ஞானமும் இருந்தால் அவற்றில் பெரும்பகுதியை நிவர்த்தி செய்துவிடலாம். அந்த ஞானத்தை ஓட்டுபவருக்கு அளிக்க வேண்டிய கடமை, சைக்கிளை விற்பவர்களுக்கும் இலவசமாக வழங்குபவர்களுக்கும் உண்டு. இதை நிலைநாட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில், இது ஒரு சிலருடைய உபத்திரவம் அன்று என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், போட்டிக்காக அல்லாமல் பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டும் ஆண்களும் பெண்களுமாக 518 பேரை விசாரித்தபோது, நூற்றுக்கு 48 பேருக்கு மேல் கழுத்தில் தொல்லை உண்டென்று சொன்னார்கள். முழங்கால், முதுகு, உள்ளங்கை ஆகிய அங்கங்களெல்லாம் கழுத்துக்குப் பின்னரே வந்தன. காலால் மிதிக்கிற வண்டியில் காலைவிடக் கழுத்து அதிகமாக வருந்துவது முதலில் வியப்பைத் தரலாம். சரீரத்தின் அமைப்பைச் சற்றே சிந்தித்தால் வியப்பு நீங்கிவிடும்.

மனிதனுடைய தலை சுமார் 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்து நிற்கும்போது அது கழுத்தின் ஏழு எலும்புகளின் மீது ஏறக்குறைய நேராக அமர்ந்திருப்பதால், தசைகளுக்கு அதிக வேலை இல்லை. உடல் முன்னே சாய்ந்துவிட்டாலோ, தலையின் பாரம் முன்னே தள்ளப்படுகிறது. அதே சமயம் பாதையைப் பார்ப்பதற்காக முகத்தை மேலே தூக்க வேண்டியும் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே சமாளிப்பதற்குப் பிடரித் தசைகளும், கழுத்திலிருந்து தோளின் விளிம்பு வரை படர்ந்துள்ள பெரிய தசையும், தோள்பட்டை எலும்பை மேலே இழுக்கும் தசையும் இடைவிடாமல் சுருங்கியே இருக்க நேர்கிறது. கால் தசைகள் சுருங்கியும் தளர்ந்தும் மாறி மாறி வேலை செய்வதால் அவற்றுக்கு இரத்த ஓட்டம் தடைபடுவதில்லை. அசையாமல் சுருங்கியே கிடக்கும் தசைக்கு அந்தச் சௌகரியம் இல்லை. இரத்தம் குறைந்து, களைப்பு மிகுந்து, சில கிலோமீட்டர்களுக்குள் அது கனத்து வலிக்கத் தொடங்குகிறது. இதனோடு, முழங்கையை விறைப்பாக நீட்டிப் பிடிப்பவருக்குச் சாலையின் ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு வேகத்தடையும் மணிக்கட்டின் வழியே நேராகத் தோளுக்கு வந்து சேருகின்றன.

இத்தொல்லை எந்த எல்லை வரை போகக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஓட்டப்படும் நெடும்போட்டியில், 1983ஆம் ஆண்டு மைக்கேல் ஷெர்மர் என்பவருடைய பிடரித் தசைகள் முற்றிலும் ஓய்ந்துபோய், தலையைத் தாங்க இயலாத நிலைமை ஏற்பட்டது. இன்றும் அந்நிலையை அவர் பெயரால் ‘ஷெர்மர் கழுத்து’ என்றே குறிப்பிடுகிறார்கள். அத்தகைய தூரங்களை நம்மவர்கள் ஓட்டுவதில்லை என்று அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டிய ‘பிரவே’ என்னும் நெடும்பயணங்களைச் சென்னையிலிருந்து மேற்கொள்பவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களுள் அனுபவம் மிக்கவர்கள் காலுக்குக் கொடுக்கும் கவனத்தைக் கழுத்துக்கும் கொடுப்பது காரணமின்றி அன்று.

இந்த மேற்குப் புறநகரங்களில் வசிப்பவர்களுக்கு இவ்விஷயத்தில் தனியான உரிமையும் பொறுப்பும் உண்டு என்று நான் கருதுகிறேன். ஏனெனில் இது சைக்கிள் பிறந்த பூமி. முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியாரும் கூட்டாக 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியா, அம்பத்தூரில் தொழிற்சாலையை நிறுவி ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்களை நாட்டின் பட்டிதொட்டிகளுக்கெல்லாம் கொண்டு சென்றது. குழாய்கள் செய்வதற்கென்று 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற ஆலை எழுந்தது. அதன் பின்னர் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகவே, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் சைக்கிளிலேயே சாரி சாரியாக வேலைக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது.

அக்காலத்துக் கறுப்புச் சைக்கிளின் அமைப்பை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். அதன் ஹேண்டில்பார் ஓட்டுபவரை நோக்கி வளைந்து, சீட்டைவிட உயர்ந்தே இருந்தது. சீட்டுக்கு அடியில் சுருள்வில் இருந்தது. 28 அங்குலச் சக்கரங்கள் மேடுபள்ளங்களை நிதானமாக ஏறி இறங்கின. ஓட்டுபவர் ஏறக்குறைய நிமிர்ந்தே உட்கார்ந்ததால் கழுத்து வளைய வேண்டிய அவசியம் மிகக் குறைவாயிருந்தது. அந்த வண்டியை நான் பூரணமென்று சொல்லவில்லை. அது கனமானது, கியர் இல்லாதது, முழங்காலையும் உட்காரும் இடத்தையும் சோதித்தது. பெரியவர்களுடைய வண்டியில், பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட சிறுவர்கள், உடம்பை ஒரு பக்கமாக முறுக்கியே ஓட்டினார்கள். ஆயினும் வளர்ந்த மனிதர் ஒருவர் நிமிர்ந்த தலையோடு தம் தொழிலுக்குச் சென்று திரும்புவதற்கு ஏற்ற கருவியாக அது இருந்தது.

இன்றைய கடைகளில் நிலைமை வேறு. மலைப்பாதைக்கென்று வகுக்கப்பட்ட உருவில், நேரான ஹேண்டில்பாரும் நீண்ட ஃபிரேமும் தடித்த டயருமாக விற்கப்படும் வண்டிகளே மிகுதி. வேகத்தை விரும்புகிறவர்களுக்கோ ஆட்டுக் கொம்பு வளைவுள்ள ஹேண்டில்பார் வைத்த பந்தய வண்டிகள் இருக்கின்றன. இரண்டுமே தத்தம் இடத்தில் சிறந்தவைதாம். வாங்குகிற முறையில்தான் பிழை இருக்கிறது. “பையனுக்கு இருபத்தாறு இன்ச் போதும் சார்” என்று கடைக்காரர் சொல்ல, தந்தையும் நிறத்தைப் பார்த்து, விலையைப் பேசி, வண்டியை வாங்கிவிடுகிறார். அந்த 26 என்பது சக்கரத்தின் அளவு. ஓட்டுபவரின் உடலுக்கும் அதற்கும் நேரடியான சம்பந்தம் இல்லை. ஒரே 26 அங்குலச் சக்கரத்தில் சிறிய ஃபிரேமும் உண்டு, பெரிய ஃபிரேமும் உண்டு. சீட்டிலிருந்து ஹேண்டில்பார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்னும் இரண்டு அளவுகளே கழுத்தின் சுகதுக்கத்தை நிர்ணயிக்கின்றன. அவ்விரண்டையும் நம் கடைகளில் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஒரு வருஷம் அணியும் சட்டைக்குத் தோள், கை, மார்பு என்று அளவெடுக்கச் சொல்லும் நாம், பத்து வருஷம் ஓட்டப்போகும் வண்டிக்கு ஓர் அளவும் எடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

ஆகவே, பரிகாரம் வண்டியிலிருந்தே தொடங்க வேண்டும். அதற்கும் ஒரு வரிசைக் கிரமம் உண்டு. முதலில் சீட்டு, பிறகே ஹேண்டில்பார். ஒருவரை வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சீட்டில் அமர்ந்து, பெடலை மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வைத்தால், கால் நேராக நீள வேண்டும். பின்பு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் இயல்பான சிறு வளைவு தானே அமைந்துவிடும். கணக்காகவே பார்க்க விரும்புகிறவர்களுக்கு, பிரான்ஸ் தேசத்துப் பெரும் சைக்கிள் போட்டியை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் மூலமாகப் பிரசித்தி பெற்ற சூத்திரம் ஒன்று இருக்கிறது: கவட்டிலிருந்து தரை வரை உள்ள உயரத்தை 0.883ஆல் பெருக்கினால் வருவது, பெடல் தண்டு சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய நீளம். கவட்டுயரம் 80 சென்டிமீட்டர் உள்ளவருக்கு இது 70.6 சென்டிமீட்டர் ஆகும். இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை மிகவும் இறக்குவது முழங்காலைக் கெடுக்கும்; மிகவும் உயர்த்தினாலோ இடுப்பு ஆடி, உடலின் பாரம் கைகளின்மேல் விழுந்து, தோளும் கழுத்தும் அதைச் சுமக்கும்.

அடுத்தது சீட்டின் சாய்வு. அது தரைக்கு இணையாக இருத்தல் வேண்டும். மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்த சீட்டில் உடல் ஓயாமல் முன்னே சறுக்குகிறது. சறுக்கலைத் தடுக்கக் கைகள் ஓயாமல் பின்னே தள்ளுகின்றன. அந்தப் போராட்டமே மாலையில் தோள்பட்டை வலியாக வெளிப்படுகிறது. கழுத்து வலி என்று வருகிறவருக்கு முதலில் சோதிக்க வேண்டியது இந்தச் சாய்வைத்தான். இதைச் சரிசெய்யச் செலவு ஏதும் இல்லை.

பின்னர் ஹேண்டில்பாரின் தூரமும் உயரமும். முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்து முன்கையை நீட்டினால் விரல் நுனிகள் ஹேண்டில்பாரை ஏறக்குறையத் தொடும் என்பது பழைய மெக்கானிக்குகளின் உத்தேசக் கணக்கு. தொடக்கத்துக்கு அது போதும். ஓட்டும்போது முழங்கைகள் சற்றே மடிந்திருக்க வேண்டும், தோள்கள் காதை நோக்கி ஏறாதிருக்க வேண்டும் என்பதே இறுதியான பிரமாணம். தூரம் அதிகமென்று தோன்றினால் சீட்டை முன்னே தள்ளிக் குறைக்கலாகாது. முழங்காலுக்கும் பெடலுக்கும் உள்ள உறவு அதனால் கெட்டுவிடும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ‘ஸ்டெம்’ என்னும் உறுப்பைக் குட்டையானதாக மாற்றுவதே முறை. உயரத்தைப் பொறுத்தவரை, கழுத்து வலி உள்ளவர்கள் ஹேண்டில்பாரைச் சீட்டின் மட்டத்துக்கோ அதற்கு மேலோ வைத்துக்கொள்வது நலம். பழைய மாதிரி வண்டிகளில் மேலே உள்ள ஒரே போல்ட்டைத் தளர்த்தி ஸ்டெம்மை உயர்த்திவிடலாம். ஆனால் அதன் தண்டில் பொறித்துள்ள எல்லைக் கோடு வெளியே தெரியும்படி ஒருபோதும் உயர்த்தக் கூடாது, அது ஆபத்து. புது மாதிரி வண்டிகளில் ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாலே சில சென்டிமீட்டர் உயரம் கிடைப்பதுண்டு. கை சிறியவர்கள் பிரேக்கை எட்டிப் பிடிக்கச் சிரமப்பட்டால், அந்தச் சிரமமும் முன்கை வழியே தோளுக்கு ஏறும். பிரேக் பிடியை அருகே கொண்டுவரும் திருகாணி பல வண்டிகளில் இருக்கிறது.

வண்டி பொருந்திய பின் ஓட்டும் பழக்கத்தைத் திருத்த வேண்டும். ஹேண்டில்பாரை இறுகப் பற்றாமல் இலேசாகப் பிடிப்பதும், சில நிமிஷங்களுக்கு ஒரு முறை பிடிக்கும் இடத்தை மாற்றுவதும், தோளை ஒரு முறை உயர்த்தி இறக்கித் தளர்த்திக்கொள்வதும் சிறு காரியங்கள். நீண்ட பாதையில் அவற்றின் பயன் பெரிது. டயரில் காற்றைக் கல்போல் ஏற்றுவது வேகத்துக்கு நல்லதென்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள அளவின் உச்சத்துக்கே ஏற்றாமல், ஓட்டுபவரின் எடைக்குத் தக்கவாறு ஏற்றினால், அதிர்ச்சியின் பெரும்பகுதியை டயரே வாங்கிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் குனிந்து ஓட்டும்போது, கண்ணாடி கீழே நழுவி, அதன் மேல்விளிம்பு பார்வையை மறைப்பதால், தம்மையறியாமலே தலையை மேலும் தூக்குகிறார்கள். தலைக்கவசத்தின் முன்மறைப்பும் இதே தீங்கைச் செய்கிறது. வெளிவட்டச் சாலையின் சேவைச் சாலையிலும் திருவள்ளூர் நெடுஞ்சாலையிலும் பின்னே வரும் லாரியைப் பார்ப்பதற்காகக் கழுத்தை அடிக்கடி முறுக்கிப் பார்ப்பவர்கள், ஹேண்டில்பாரில் ஒரு சிறிய கண்ணாடியைப் பொருத்திக்கொண்டால் கழுத்துக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

சுமையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதுகில் தொங்கும் பையின் பாரம், ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் தோள் தசையின்மேல் நேரே விழுகிறது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை மாணவனுடைய எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று கூறுகிறது. நடந்து செல்லும் பிள்ளைக்கே அவ்வளவு வரம்பு வேண்டுமென்றால், குனிந்து மிதிக்கும் பிள்ளைக்கு முதுகில் பையே இல்லாதிருப்பதன்றோ நியாயம்? பையைக் கேரியரில் வைத்துக் கட்டுவதற்கு ஒரு ரப்பர் பட்டை போதும். உணவுப் பெட்டியை முதுகில் சுமந்து சைக்கிளில் வீடு வீடாகச் செல்லும் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் வண்டியிலேயே பெட்டியைத் தாங்கும் சட்டம் அமைத்துக் கொடுப்பது தர்மம்.

வண்டியிலிருந்து இறங்கிய பின்னரும் கழுத்துக்கு ஓய்வு கிடைப்பதில்லை என்பது இக்காலத்துச் சங்கடம். பட்டாபிராமில் 2024இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவைப் போன்ற இடங்களில் நாள் முழுவதும் கணிப்பொறியின் முன் அமர்ந்து, இடைவேளையில் கைப்பேசியைக் குனிந்து பார்த்து, காலையில் மட்டும் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிற ஒருவருக்குக் கழுத்து வலித்தால், அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் குற்றம் சொல்வது சரியான நியாயமாகாது. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துவதும், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பதும் சைக்கிள் ஓட்டுகிறவருக்குச் சிகிச்சையின் பகுதிகளே.

தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சிகள் எளியவை. நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைக் குனியாமலும் தூக்காமலும், மோவாயை நேரே பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி நிறுத்துவது; தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகின் நடுவை நோக்கிச் சேர்த்து நிறுத்துவது; கதவு நிலையின் இருபக்கமும் முன்கைகளை ஊன்றி மார்பை முன்னே தள்ளி விரிப்பது; குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்தும் புஜங்காசனம்; வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சி ஏதேனும் ஒன்று. வயிறும் இடுப்பும் உறுதியாயிருந்தால் உடலைத் தாங்கும் வேலை கைகளுக்குக் குறைகிறது. காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்தாலே போதுமானது. வலி அதிகரித்தால் நிறுத்திவிட வேண்டும். சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து யோகம் கற்பித்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரும், 1976இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவிய அவர் புதல்வர் தேசிகாச்சாரும், ஆசனத்தை மனிதனுக்குத் தக்கபடி அமைக்க வேண்டுமே அன்றி மனிதனை ஆசனத்துக்குத் தக்கபடி வளைக்கலாகாது என்னும் தத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டார்கள். சைக்கிளுக்கும் இதைவிடச் சிறந்த தத்துவம் வேறொன்று இல்லை.

இனி, தவிர்க்க வேண்டியவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுத்துப் பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் போடச் சொல்லும் பாட்டிமார்களின் வைத்தியத்தால் யாருக்கும் தீங்கில்லை. தைலம் தடவுவதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் சிறிது நேரத்துக்கு ஆறுதல் அளிப்பவை. அந்த ஆறுதலை நிவர்த்தி என்று எண்ணி, காரணத்தைத் தேடாமல் விடுவதே பிழை. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரையைக் கேட்டு வாங்கித் தினந்தோறும் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. எல்லாவற்றிலும் அபாயகரமானது, சலூன் நாற்காலியில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறித்துக்கொள்வது. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளங்கள் கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியே ஏறுகின்றன. வேகமான முறுக்கினால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அன்போடு செய்கிற அந்தச் சேவையை அன்போடேயே மறுத்துவிட வேண்டும்.

வைத்தியரிடம் தாமதமின்றிச் செல்ல வேண்டிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. வலி கைவழியே இறங்கினால், விரல்கள் மரத்துப்போய் உணர்வு திரும்பாவிட்டால், கையில் பலம் குறைந்தால், கீழே விழுந்த பின் கழுத்து வலித்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், சைக்கிளைத் திருத்திக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மேடேறும்போது நெஞ்சில் இறுக்கமும் இடது தோளிலோ தாடையிலோ வலியும் சேர்ந்து வந்தால், அது இருதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். அப்போதே 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் மூட்டு மெல்ல மெல்ல இறுகி, கையைத் தூக்கவே முடியாமற்போகும் வியாதி மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. அதைச் சைக்கிளால் வந்ததென்று எண்ணிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நஷ்டத்தையே தரும்.

தனி மனிதர் செய்ய வேண்டியவை இவை. பொதுவில் செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது பள்ளிகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2001–02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் மாணவ மாணவியருக்கெல்லாம் விரிந்த இலவச சைக்கிள் திட்டம், ஏழைக் குடும்பத்துப் பெண்களின் படிப்பை எவ்வளவு தூரம் முன்னேற்றியது என்பதை நாடறியும். அத்திட்டத்தை மனமாரப் பாராட்டுகிறவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்: ஒரே வகுப்பில் நான்கரை அடி மாணவியும் ஐந்தரை அடி மாணவியும் இருக்கிறார்கள், இருவர் கையிலும் ஒரே அளவான வண்டியைக் கொடுத்து அனுப்புவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. வண்டி வழங்கும் நாளில் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு மெக்கானிக்குகளை அமர்த்தி, பிள்ளையைச் சீட்டில் உட்காரவைத்து, சீட்டையும் ஹேண்டில்பாரையும் அவளுடைய உயரத்துக்குப் பொருத்திக் கொடுக்க வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் அந்த முறையைக் கற்றுக்கொண்டு, வளரும் பிள்ளைகளுக்கு வருஷம் ஒரு முறை மறுபடியும் சரிபார்க்க வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி அளிப்பது அரசுக்குப் பெரிய செலவாகாது.

சைக்கிள் விற்பவர்களுக்கும் இதே வேண்டுகோள். ஃபிரேமின் அளவும், எந்த உயரத்தினருக்கு அது ஏற்றது என்பதும் தமிழில் எழுதி ஒவ்வொரு வண்டியிலும் தொங்க வேண்டும்; வாங்கும் ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் அளவெடுத்துப் பொருத்தித் தருவது விலையின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். லட்சக்கணக்கில் விலையுள்ள வண்டிகளுக்கு மட்டும் கிடைக்கும் இந்த மரியாதை, சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் தொழிலாளிக்கும் கிடைத்தாக வேண்டும். அவர்தாம் அதிக நாள், அதிக தூரம், வேறு வழியின்றி ஓட்டுகிறவர்.

சாலையைப் பராமரிப்பவர்களின் பங்கும் குறைந்ததன்று. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் முதலிடம் தரும் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அத்தகைய கொள்கை ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடையிலுள்ள சாலைகளுக்கும் வேண்டும். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடாமல் விடுவதும், அளவுக்கு மீறிய உயரத்தில் வேகத்தடை போடுவதும், காருக்கு ஒரு குலுக்கலோடு போய்விடும். சைக்கிளில் செல்பவருக்கு அவை முழங்கையிலும் தோளிலும் கழுத்திலும் தினந்தோறும் விழுகிற அடிகள். சேவைச் சாலையின் ஓரத்தில் இரண்டு மீட்டர் அகலத்துக்குச் சமமான பாதை ஒன்றைச் சைக்கிளுக்கென்று ஒதுக்குவது, அறுபது கிலோமீட்டர் நீளச் சாலையை அமைத்த அரசுக்கு இயலாத காரியம் அன்று.

எரிபொருள் வேண்டாத, புகை விடாத, ஏழைக்கும் எட்டுகிற வாகனம் சைக்கிள். கழுத்து வலிக்கிறதென்று ஒருவர் அதைக் கைவிட்டால், நஷ்டம் அவர் ஒருவருக்கு மட்டும் அன்று, ஊருக்கே. ஆகையால் வாசகர்கள் சைக்கிளை விட்டுவிடவும் வேண்டாம், வலியைச் சகித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையன்று, வீட்டில் உள்ள ஒவ்வொரு சைக்கிளையும் வெளியே எடுத்து, அதை ஓட்டுகிறவரைச் சீட்டில் உட்காரவைத்து, சீட்டின் உயரம், சாய்வு, ஹேண்டில்பாரின் தூரம், உயரம் ஆகிய நான்கையும் பாருங்கள். மாற்ற வேண்டியதை ஒரே நாளில் முழுவதும் மாற்றாமல் சிறிது சிறிதாக மாற்றி, இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் சைக்கிள் வழங்கும் நாள் வரும்போது, அளவெடுத்துப் பொருத்திக் கொடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பள்ளி கேட்கும். பள்ளிகள் பத்து கேட்டால் அரசும் கேட்கும்.